லாட்டரி விற்பனையில் அரசுக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

பெரம்பூர்_வாசகன்:
தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரிக்குத் தடை வந்தது. திரும்பக் கொண்டுவந்தால் கேரளாவைப் போல வருஷத்துக்குப் பல ஆயிரம் கோடி கிடைக்கும் என்று பட்ஜெட் சமயத்தில் பேச்சு கிளம்புகிறது. அது விற்பனையா, லாபமா? 50 ரூபாய் சீட்டில் அரசு கையில் என்ன நிற்கும்?

மயிலை_கணக்கர்:
விற்பனை சார். குழப்பமே அங்கேதான். சீட்டு விற்ற மொத்தப் பணமும் பட்ஜெட்டில் வரியல்லாத வருவாயாக ஏறும். பரிசும் கமிஷனும் அச்சுச் செலவும் செலவுப் பக்கம் போகும். வரவுப் பக்கத்தை மட்டும் படித்தால் மலை மாதிரி தெரியும்.

லாட்டரிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40%. சீட்டு விலைக்குள்ளேயே வரி அடக்கம் என்பதால் 50 ரூபாயில் வரி 14.29. அதில் பாதி, அதாவது 7.14, மாநிலத்துக்கு, மறுபாதி மத்திய அரசுக்கு. மிச்சம் 35.71 ரூபாயில் பெரும்பங்கு பரிசுக்கே போய்விடும். பரிசைக் குறைத்தால் சீட்டு விற்காது, ஏஜெண்ட் கமிஷனைக் குறைத்தால் விற்க ஆள் வராது. இரண்டும் போக நிற்பதுதான் லாபம். கூலிக்காரர் பாக்கெட்டிலிருந்து 50 ரூபாய் எடுத்து இவ்வளவுதான் மிஞ்சும் என்றால், நிதி திரட்ட இது மிக மோசமான வழி என்பேன்.

வக்கீல்_சைதை:
1968-ல் அண்ணா ஆட்சியில் "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று தொடங்கியபோது ஜிஎஸ்டி கிடையாது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

1998 மத்திய லாட்டரிச் சட்டப்படி சீட்டை மாநில அரசே அச்சிட வேண்டும், குலுக்கலும் அந்த மாநிலத்துக்குள் நடக்க வேண்டும், விற்ற பணம் அரசின் பொதுக் கணக்கில் சேர வேண்டும். கேட்காத பரிசும் அரசுக்கே. ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கூடாது. சென்னையில் ரகசியமாக ஓடும் 'மூணு நம்பர்' வெறும் சூதாட்டம். கேரள முடிவின் கடைசி எண்களை வைத்துக் கட்டுவது, அரசுக்கு ஒரு பைசா வராது. கேரளா ஆன்லைனில் சீட்டு விற்பதில்லை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ஜிபே கேட்டால் ஏமாற்று வேலை.

பெரம்பூர்_வாசகன்:
நன்றி சார். பாலக்காட்டுக் கடையில் நேரில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தால் சென்னைக்காரர் வாங்கலாமா?

மயிலை_கணக்கர்:
வாங்கலாம். முதலில் சீட்டின் பின்னால் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் யார் கையில் இருக்கிறதோ அவர் உரிமை கொண்டாடுவார். 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். 1 லட்சத்துக்கு மேல் என்றால் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள லாட்டரி இயக்குநரகத்தில்.

பலர் மாட்டுவது வரியில். 25 கோடி முதல் பரிசுள்ள ஓணம் பம்பரில் (கேரளாவின் பண்டிகைச் சிறப்புக் குலுக்கல்) ஏஜெண்ட் கமிஷன் 10% போக 22.5 கோடி. 30% டிடிஎஸ் (பரிசு தரும்போதே பிடிக்கும் வரி) 6.75 கோடி பிடித்து 15.75 கோடி வரும். அதோடு முடியாது: புதிய வரிமுறையில் அந்த வரியின்மேல் 25% சர்சார்ஜ் (பெரிய வருமானத்துக்கான கூடுதல் வரி), இரண்டின்மேலும் 4% செஸ் சேர்ந்தால் மொத்த வரி 8.775 கோடி. பாக்கி 2.025 கோடியை அட்வான்ஸ் டாக்ஸாக (முன்கூட்டிய வரியாக) நாமே கட்டாவிட்டால் வட்டி ஏறும், அதனால் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வீடு, நிலம் பார்க்க வேண்டும்.