காப்பு டாலரில் சாத்தான் உருவம் போடலாமா?

தங்கச்சிமடம் பட்டறை:
வெள்ளி வேலை செய்கிறேன். கடலுக்குப் போகும் தம்பி ஒருவர், சாத்தானை வென்ற வானதூதரான மிக்கேல் அதிதூதர் டாலர் கேட்டார். காலடியில் சாத்தானை வரைந்தேன். "பிள்ளை கழுத்துல பிசாசா? எடுத்துடுப்பா" என்கிறார் அவர் அம்மா. பழைய ஐரோப்பியப் பதக்கங்களில் சாத்தான் உண்டா?

பழம்பொருள் பிரியன்:
உண்டு அண்ணே. இடைக்கால யாத்திரைப் பதக்கங்கள் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்தவை. தொப்பியிலும் மேலாடையிலும் குத்திக்கொள்வார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, இங்கிலாந்தின் நார்த் மார்ஸ்டன் பாதிரியார் ஜான் ஷோர்ன் பதக்கம். சாத்தானைப் பூட்ஸுக்குள் அடைத்தவர் என்று மக்கள் நம்பினார்கள். பதக்கத்தில் அவர் பக்கத்தில் பூட்ஸ், அதன் வாயில் குட்டிச் சாத்தான்! கீல்வாதக்காரர்கள் அவரைத் தேடிப் போனார்கள். புனித மார்கரெட்டும் அப்படித்தான்: டிராகன் உருவில் வந்த சாத்தான் அவரை விழுங்க, வயிற்றைப் பிளந்து வெளியே வந்தார் என்பது கதை. பிரசவ வேளையில் பெண்கள் அவரிடம் வேண்டினார்கள். இந்தக் கதைகளில் எல்லாம் சாத்தான் தோற்றவன்தான். அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் அக்கா:
நம் வீட்டுத் திருஷ்டி பொம்மை வேறு வகை, தம்பி. அது முறைத்து விரட்டும். இது மிதிபட்டுக் கிடக்கும். அந்த அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கும்.

பாம்பன் வலைக்காரன்:
கொம்பு, வாலைத் தூக்கலாக வைக்காதீங்க. நைலான் வலையில் மாட்டும்.

தங்கச்சிமடம் பட்டறை:
சரி, வாலைத் தட்டையாகப் பதித்து, மிக்கேலின் ஈட்டியைச் சாத்தான் மேல் அழுத்தமாக வைக்கிறேன். அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் வார்ப்பேன்.