சரளமாக வாசிக்கிறார்கள், கதை புரியவில்லை: மூன்றாம் வகுப்புக்கு என்ன செய்யலாம்?

மூன்றாம் வகுப்பு டீச்சர் (கேள்வி)

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன், 22 பிள்ளைகள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்போம் இல்லையா, அதில் மேல் நிலையான மலரில் இருக்கும் 9 பேரைப் பற்றித்தான் கேட்கிறேன். எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று வாசிக்கிறார்கள். வாசித்த கதையை மூடிவிட்டு என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சே இல்லை.

நேற்று எட்டு வரிக் கதை ஒன்றை நானே எழுதிக் கரும்பலகையில் போட்டேன். வானம் இருட்டுகிறது. ஒரு பையன் ஓடிப்போய் முளைக்குச்சியில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துத் திண்ணைக்குக் கொண்டுவருகிறான். "எதை அவிழ்த்தான்?" என்றேன். ஒன்பது பேரும் ஒரே குரலில் "ஆட்டை". "ஏன் அவிழ்த்தான்?" என்றேன். ஒரு பெண் எழுந்து வந்து பலகையில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரலை வைத்துத் தேடினாள். அப்புறம் திரும்பி, "டீச்சர், அது எழுதலையே" என்றாள்.

அவள் வீட்டில் நான்கு ஆடுகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை நினைத்துத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

டீச்சரம்மா, அந்தப் பெண் மேல் தப்பே இல்லை. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பாடத்தில் தேடு, பக்கத்தில் இருப்பதை எழுது என்று இரண்டு வருஷமாக நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

இந்த வரியைப் பாருங்கள்: "கிமுரன் ஒரு தோபலைத் தெமுக்கினான்." யார் தெமுக்கினான்? கிமுரன். எதைத் தெமுக்கினான்? தோபலை. முழு மதிப்பெண்! ஆனால் தோபல் என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தமிழில் 'ஐ' உருபு எங்கே ஒட்டியிருக்கிறதோ அதைப் பிடுங்கிக் கொடுத்தால் "எதை" என்ற கேள்விக்கு விடை வந்துவிடும். நான் 'யார், எதை, எங்கே' கேள்விகளை மட்டுமே கேட்டு, பிள்ளைகளுக்குப் புரிகிறது என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன்.

கதையை முழுதாகக் காட்டாதீர்கள். முதல் மூன்று வரியை விட்டுவிட்டு மீதியைச் செய்தித்தாளால் மூடுங்கள். "வானம் இருண்டது. பையன் ஆட்டைப் பார்த்தான்." இங்கே நிறுத்தி, இப்போது என்ன செய்வான் என்று கேளுங்கள். பலகையில் விடை இல்லாததால் தேட முடியாது, யோசித்துத்தான் ஆக வேண்டும். என்ன சொன்னாலும் தப்பு என்று சொல்லாதீர்கள். "எந்த வரியைப் பார்த்து அப்படித் தோணுச்சு?" என்று மட்டும் கேளுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்வி செய்ததைப் பத்துப் பயிற்சித் தாள் செய்ததில்லை.

இன்னொன்று, வீட்டில் பேசுகிற மாதிரியே பதில் சொல்ல விடுங்கள். "நனைஞ்சிரும்ல" என்று சொன்னால் போதும். "நனைந்துவிடும் என்று சொல்" என்று அந்த இடத்திலேயே திருத்தினால் அடுத்த முறை கை தூக்க மாட்டார்கள். எழுத்துத் தமிழை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

மாலை வகுப்புத் தன்னார்வலர்

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கதையின் மொழியையும் பார்க்க வேண்டும். 'மரத்தினடியிலிருந்த' என்று சேர்த்து எழுதியிருந்தால் பிள்ளைகள் வாசித்துவிடுவார்கள், ஆனால் அது 'மரத்தடியில இருந்த' என்பதுதான் என்று மண்டையில் ஏறாது. நான் 'மரத்தின் அடியில் இருந்த' என்று பிரித்து எழுதிப் போடுவேன்.

எழுவாய் இல்லாத வரிகளும் அப்படித்தான். "கதவைத் திறந்தாள். பூனை உள்ளே வந்தது. பாலைக் குடித்தது." திறந்தது யார் என்று கேட்டதற்கு என்னிடம் மூன்று பிள்ளைகள் பூனை என்றார்கள். 'ஆள்', 'அது' என்ற வால் எழுத்துகளைப் பார்க்கச் சொன்ன பிறகுதான் சிரித்துக்கொண்டே "யாரோ அக்கா!" என்றார்கள்.

கதைகளுக்கு, பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலை 1 முதல் 4 வரை இலவசமாகக் கிடைக்கும். அச்செடுத்தும் கொடுக்கலாம். முதலில் படத்தை மட்டும் காட்டிப் பேசவிட்டு அப்புறம் எழுத்தைத் திறப்பேன். பள்ளிக்கு வரும் நம் அரசு வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் 'நுழை', 'நட' என்ற தொடக்க நிலைகளில் இருப்பவையும் இதற்கு ஏற்றவை.

இரண்டாம் வகுப்புப் பையனின் அம்மா

ஒரு வேண்டுகோள் மட்டும். வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி ற, ர திருத்தாதீர்கள். என் மகன் கதையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தான். இப்போது முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை. முடிந்ததும் எனக்குக் கதை சொல்கிறான்.

மூன்றாம் வகுப்பு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. இன்று அதே கதையைச் செய்தித்தாளால் மூடிப் போட்டேன். முதலில் அமைதி. அப்புறம் அந்தப் பெண்தான், "அவுத்து உள்ள கட்டுவான் டீச்சர், ஆடு நனைஞ்சா சளி புடிக்கும், அம்மா திட்டும்" என்றாள். எந்த வரி என்றதும் 'வானம் இருண்டது' மேல் விரலை வைத்தாள்.

பின் வரிசைப் பையன் ஒருவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. "அவுக்கக் கூடாது, முளைக்குச்சியோட புடுங்கணும். கயிறு நனைஞ்சா முடிச்சு வராது" என்றான். மழை இன்னும் வரவில்லையே, எந்த வரியில் கயிறு நனைந்தது என்று இன்னொருவன் அவனைக் கேட்டான். நான் கேட்கவில்லை, அவனாகவே கேட்டான். சண்டை மணி அடிக்கும்வரை ஓய்வதாக இல்லை.

இரண்டு பேர் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. நாளைக்கு அவர்களுக்குப் பூனைக் கதையை எடுக்கப் போகிறேன்.