புதுப்பிப்பு: பாட்டியின் பெட்டியில் கிடைத்த பினாங்கு அஞ்சலட்டை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பாட்டியின் தகரப் பெட்டியில் கிடைத்த பட அஞ்சலட்டையைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். முன்பக்கம், 1923-ல் ஓடத் தொடங்கிய பினாங்கு மலை ரயில். பின்பக்கம், "கப்பல் நாளை. மாட்டைப் பார்த்துக்கொள்." அவ்வளவுதான். அனுப்பியவர் யார் என்று கேட்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது.

முத்திரையில் வருடம் அழிந்திருக்கிறது. ஆனால் தபால்தலையில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் படமும் பினாங்கின் பெயரும் சேர்ந்து இருக்கின்றன. அந்த வகைத் தலைகள் 1948-ன் கடைசியிலிருந்துதான் வந்தன. மன்னர் 1952-ல் இறந்தார். ஆக, மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948-ல் அறிவித்த அவசரகாலத்தின் ஆரம்ப வருடங்கள். கப்பல், நாகப்பட்டினத்துக்கு ஓடிய ரஜூலாவாக இருக்கும் என்பது என் கணிப்பு.

அப்புறம், பாட்டியின் லயத்திலேயே (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பிறந்த ஒரு தாத்தாவிடம் அட்டையைப் படித்துக் காட்டினேன். மாடு என்றதுமே நிமிர்ந்தார். "செவலை மாடுப்பா! உங்க பாட்டியோட அண்ணன் மாடு. ஊருக்குப் போனவரு திரும்பவே இல்ல. பாட்டிதான் கடைசிவரைக்கும் வளர்த்தாங்க."

செய்தி அழகான கையெழுத்தில் இருக்கிறது. அதன் கீழே, வேறு மையில், கோணலாக ஒரு 'மு'. அண்ணனுக்கு அந்த ஓர் எழுத்து மட்டும்தான் போடத் தெரியுமாம். மீதியைத் துறைமுகத்தில் யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த 'மு'வைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

அண்ணன் பிறந்தது திருவாரூர்ப் பக்கம் என்கிறார் தாத்தா. மலாயாவிலிருந்து அந்த வருடங்களில் திரும்பியவர்களின் குடும்பங்கள் அங்கே யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அட்டையின் இரு பக்கப் படங்களையும் அனுப்பி வைக்கிறேன்.