கால் இஞ்ச் பின் ஹெட்போன், டைப்-சி மொபைல்: நடுவில் எந்த அடாப்டர்?

இரவுக்கீபோர்டு:

வணக்கம். கீபோர்டு கற்றுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம் கிடைக்கிறது, அதனால் ஹெட்போன் இல்லாமல் கதை நடக்காது. என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய ஹெட்போன். காதை முழுக்க மூடும் வகை, சுருள் வயர், முனையில் கால் இஞ்ச் பின். மைக் கிடையாது. குஷன் தோல் உரிந்து கழுத்தெல்லாம் கறுப்பாக ஒட்டுகிறது, ஆனால் சத்தம் அவ்வளவு சுத்தம். கீபோர்டில் நேராகச் செருகினால் ஒரு குறையும் இல்லை.

தகராறு மொபைலோடுதான். பாடத்தின் ஆடியோ மொபைலில் இருக்கிறது. அதில் டைப்-சி துளை ஒன்றுதான் உண்டு. எனவே இரண்டு அடாப்டர் வாங்கினேன். கால் இஞ்சை 3.5 மி.மீ. ஆக்கும் குட்டிக் கட்டை ஒன்று, அந்த 3.5-ஐ டைப்-சி ஆக்கும் சின்ன வயர் ஒன்று. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆனால் சத்தம் மொபைல் ஸ்பீக்கரிலேயே வருகிறது! ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் காத்திருக்க, ஆசிரியர் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி எண்ண ஆரம்பித்துவிட்டார். மொபைலைத் தலையணைக்கு அடியில் அமுக்கினேன்.

அடாப்டர் டம்மியோ என்று பார்த்தால், இதே செட் தங்கையின் மொபைலில் வேலை செய்கிறது. அதிலும் ஒரு கூத்து. இசையெல்லாம் கேட்கிறது, பாடுகிறவரின் குரல் மட்டும் திடீரென்று காணாமல் போகிறது. அந்தக் கட்டையைக் கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் குரல் திரும்பி வருகிறது.

கோளாறு மொபைலிலா, அடாப்டரிலா, ஹெட்போனிலா? புளூடூத் வாங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் ஒன்று இருக்கிறது. பியானோ ஆப்பில் விரலை வைத்தால் சத்தம் ஆடி அசைந்து வருகிறது. அதை வைத்துத் தாளம் பழக முடியாது.

சும்மாவந்தவன்:

செட்டிங்ஸில் "ஓடிஜி" என்று தேடிப் பாருங்கள், பென்டிரைவ் போன்ற யுஎஸ்பி கருவிகளை மொபைலில் இணைக்க உதவும் வசதி அது. சில மொபைல்களில் அது அணைத்தே இருக்கும். ஆன் செய்தாலும் கொஞ்ச நேரம் எதுவும் செருகாமல் விட்டால் தானாக அணைந்துவிடும். அப்புறம், டைப்-சி துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு உள்ளே அடைந்திருந்தால் பின் முழுதாக இறங்காது. மொபைலை அணைத்துவிட்டு மரப் பல்குத்தியால் மெதுவாக எடுக்கலாம், ஊசி வேண்டாம்.

இரவுக்கீபோர்டு:

ஓடிஜி ஆன் செய்தேன். பென்டிரைவ் போட்டால் அழகாகத் திறக்கிறது. துளையும் சுத்தம்தான். ஹெட்போனுக்கு மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

மிக்ஸர்மேசை:

மூன்றிலுமே கோளாறு இல்லை. இந்த அடாப்டரும் உங்கள் மொபைலும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பது என் தொழில். கடைசி நிமிடத்தில் யாராவது மொபைலையும் ஓர் அடாப்டரையும் நீட்டி "இதிலிருந்து ஒரு பாட்டு போடணும்" என்பார்கள், அப்போதெல்லாம் நான் பார்க்கும் பிரச்சினை இதுதான்.

டைப்-சி ஹெட்போன் அடாப்டரில் இரண்டு ரகம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

முதல் ரகத்தில் வெறும் கம்பிதான். மொபைலே உள்ளுக்குள் டிஜிட்டல் ஒலியை அனலாக்காக, அதாவது ஹெட்போன் நேராக ஏற்கும் மின் அலையாக மாற்றி டைப்-சி துளை வழியாக வெளியே விட்டால்தான் இதற்கு வேலை. டைப்-சி விதிமுறையில் இதற்கு இடம் வைத்திருந்தார்கள். வழக்கமாக யுஎஸ்பி தரவு போகும் ஜோடியில் இடது வலது ஒலி போகும், எஸ்பியூ என்ற இன்னொரு ஜோடி மைக்குக்கும் கிரவுண்டுக்கும் (மின்சாரம் திரும்பி வரும் பொது வழி). ஆனால் இது கட்டாயம் இல்லை, செய்ய விரும்பும் கம்பெனி செய்யலாம். தங்கையின் மொபைலைச் செய்தவர்கள் செய்திருக்கிறார்கள், உங்களுடையதைச் செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். துளை ஒரே மாதிரி, செருகினால் "க்ளிக்" என்று உட்காருகிறது, ஆனால் உள்ளே ஒன்றுமே நடக்காது. வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும்? பெட்டியின் மேல் பெரும்பாலும் எழுதவும் மாட்டார்கள். எனக்கு எரிச்சலே அங்கேதான்.

இரண்டாவது ரகத்தில் டாக் என்கிற சிப் இருக்கும், அதாவது டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் சிப். மொபைல் டிஜிட்டலாகவே அனுப்பும், மாற்றுவதும் பெருக்குவதும் அடாப்டரின் பொறுப்பு. மொபைலின் கண்ணுக்கு இது ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு. ஆண்ட்ராய்டில் 2014-இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே இதற்கு ஆதரவு உண்டு. உங்கள் மொபைலில் பென்டிரைவ் திறக்கிறது என்றால் யுஎஸ்பி பக்கம் நன்றாக இருக்கிறது. டாக் உள்ள அடாப்டர் வாங்குங்கள், அநேகமாகச் செருகியவுடன் பேசும். ஓடிஜியை ஆன் செய்யச் சொன்னாரே நண்பர், அது அப்போது பயன்படும். இப்போது உங்களிடம் உள்ள வெறும் கம்பிக்கு ஓடிஜி ஆன் ஆனாலும் ஒன்றுதான், அணைந்தாலும் ஒன்றுதான்.

கையில் இருப்பது எந்த ரகம் என்று தெரிய ஒரு வழி: அடாப்டரில் ஹெட்போனைச் செருகி, டைப்-சி துளை உள்ள கணினியில் போடுங்கள். சவுண்ட் செட்டிங்ஸில் புதிதாக ஒரு கருவி முளைத்தால் உள்ளே சிப் இருக்கிறது. பட்டியல் அப்படியே கிடந்தால் வெறும் கம்பி. வாங்கும்போது "டாக்" என்ற சொல், கூடவே "24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்" போன்ற கணக்கு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கம்பிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

இனி அந்தக் காணாமல் போகும் குரல். இது எனக்குப் பிடித்த சமாச்சாரம். உங்கள் பின்னை உற்றுப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையம், அவை பிரிக்கும் மூன்று உலோகப் பகுதி. நுனி இடது காதுக்கு, நடு உலோகப் பகுதி வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு. கட்டையின் எடை பின்னை ஒரு பக்கமாக இழுக்கும்போது இந்தக் கிரவுண்டின் தொடுப்பு விட்டுப்போகிறது. உடனே மின்சாரம் திரும்பி வர வழியில்லாமல் இடது ஸ்பீக்கரில் நுழைந்து வலது வழியாக வெளியேறுகிறது. அப்போது உங்கள் காதில் விழுவது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பாட்டுகளில் குரலை நடுவில் வைப்பது வழக்கம், அதாவது இரண்டு பக்கமும் ஒரே அளவு. வித்தியாசம் பூஜ்யம், ஆகவே குரல் மாயம். பக்கவாட்டில் வைத்த கிட்டாரும் எதிரொலியும் மட்டும் மிஞ்சுகின்றன. மைக் வைத்த ஹெட்செட்களிலும் இதே கூத்து உண்டு. நான்கு பகுதி உள்ள அந்தப் பின்களில் கிரவுண்டையும் மைக்கையும் இடம் மாற்றி வைக்கும் இரண்டு முறைகள் இருந்தன. பழைய முறை ஹெட்செட்டைப் புது முறை மொபைலில் போட்டால் குரல் போகும், மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரும்பும். உங்கள் பின்னில் மைக்கே இல்லாததால் அந்தக் கவலை வேண்டாம். அழைப்பு வந்தால் மொபைல் தன் சொந்த மைக்கைப் பயன்படுத்திக்கொள்ளும்.

எனவே அந்தக் கட்டையைத் தூரப் போடுங்கள். கால் இஞ்ச் பின்னும் அதுவும் சேர்ந்து நீளமாக, கனமாக நின்று, சின்ன 3.5 துளையைக் கடப்பாரை போட்டு நெம்புகிற மாதிரி நெம்பும். இன்று கிரவுண்டு விடுகிறது, நாளை துளையே தளரும். ஒரு பக்கம் கால் இஞ்ச் பெண் முனை (பின் நுழையும் துளை), நடுவில் சாண் நீள வயர், மறுபக்கம் 3.5 பின் என்று கிடைக்கும். கனமெல்லாம் மேசை மேல் கிடக்கும், மொபைலுக்கு வெறும் வயரின் எடைதான்.

அதையும் வாங்கும் முன் உங்கள் கால் இஞ்ச் பின்னை இடப்பக்கமாகத் திருகிப் பாருங்கள். ஸ்டுடியோ ஹெட்போன்கள் பலவற்றில் உள்ளே இருப்பது 3.5 பின்தான், மேலே கால் இஞ்ச் உறையைத் திருகி மாட்டியிருப்பார்கள்.

ஒரு விஷயம், கேள்விக்குச் சம்பந்தமில்லை. இந்தக் கால் இஞ்ச் பின் 19ஆம் நூற்றாண்டில் தொலைபேசி இணைப்பகங்களில் லைன் மாற்றிப் போடுவதற்காக வந்தது. போனுக்காகவே பிறந்த பின், இன்று போனில் நுழைய இரண்டு அடாப்டர் கேட்கிறது!

லைட்னிங்பார்ட்டி:

குறுக்கே ஒரு கேள்வி. என்னிடம் ஐபோன் 7 காலத்து லைட்னிங் அடாப்டர் ஒன்று இருக்கிறது. இப்போது புது ஐபோனுக்கு மாறுகிறேன். அதற்கும் இதே தலைவலியா? லைட்னிங் முனையில் டைப்-சி மாற்றி ஒன்றை மாட்டினால் போதுமா?

மிக்ஸர்மேசை:

2016-இல் ஐபோன் 7-இல் ஹெட்போன் துளையை எடுத்தபோது வந்த அந்தக் குட்டி வெள்ளை வயருக்குள் டாக் சிப் உண்டு. லைட்னிங் வழியாக ஒலி டிஜிட்டலாகத்தான் வரும் என்பதால் சிப் இல்லாமல் முடியாது. 2023-இல் ஐபோன் 15 வந்தபோது துளை டைப்-சி ஆகிவிட்டது, பழைய அடாப்டர் அதில் நுழையாது. மாற்றிக்கு மேல் மாற்றி மாட்டி அல்லாடாமல், டாக் உள்ள டைப்-சி அடாப்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

இரவுக்கீபோர்டு:

மிக்ஸர் அண்ணா, மிகவும் நன்றி. குரல் மாயமாகும் கணக்கைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ என் போன் நல்ல போன்" என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டாள். பின்னைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. வயரோடு சேர்த்து வார்த்த பின். சாண் வயர் அடாப்டரும் டாக்கும் ஆர்டர் சொல்லிவிட்டேன்.

ஹெட்போன் கப்பின் உள்பக்கம் "64 ஓம்" என்று மங்கலாக எழுதியிருக்கிறது. சின்ன அடாப்டர் இதை இழுக்குமா?

மிக்ஸர்மேசை:

இழுக்கும். ஓம் என்பது மின்தடையின் அளவு, அது கூடக்கூட அதே வோல்ட்டுக்குக் கிடைக்கும் சக்தி குறையும். அடாப்டர் 1 வோல்ட் தருகிறது என்று வையுங்கள். 32 ஓம் ஹெட்போனுக்கு ஏறத்தாழ 31 மில்லிவாட் போகும், உங்கள் 64-க்கு 15 சொச்சம், 300 ஓம் ஸ்டுடியோ ஹெட்போனுக்கு 3.3 மட்டும். 15 மில்லிவாட் காதுக்குத் தாராளம். தனி ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) பற்றி 250, 300 ஓம் வைத்திருப்பவர்கள் யோசித்தால் போதும்.

சத்தம் குறைவாகத் தோன்றினால் உடனே அடாப்டரைத் திட்டாதீர்கள். யுஎஸ்பி அடாப்டருக்கு உள்ளேயும் ஓர் ஒலி அளவு உண்டு. சில மொபைல்கள் தங்கள் அளவை முழுக்க ஏற்றிவிட்டு அடாப்டருடையதைப் பாதியிலேயே விட்டுவிடும். யுஎஸ்பி ஆடியோவை நேரடியாகக் கையாளும் பிளேயர் ஆப்களில் இதைச் சரிசெய்யலாம்.

பின்பக்கம்_பார்த்தீர்களா:

எல்லோரும் ஹெட்போனை மொபைலுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறீர்கள். பாடத்தைக் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும் என்றால், ஹெட்போன் மொபைலில் இருக்கும்போது கீபோர்டு சத்தம் எப்படிக் காதில் விழும்? கீபோர்டின் பின்பக்கம் பாருங்கள். "ஆக்ஸ் இன்" என்று, வெளிக் கருவியின் ஒலியை உள்ளே வாங்கும் ஒரு 3.5 துளை இருக்கிறதா? இருந்தால் மொபைல், டாக் அடாப்டர், அங்கிருந்து இருமுனை 3.5 ஸ்டீரியோ வயர், ஆக்ஸ் இன். ஹெட்போன் வழக்கம்போல் கீபோர்டிலேயே. பாடமும் உங்கள் வாசிப்பும் ஒரே ஹெட்போனில் கலந்து கேட்கும். மொபைலில் ஒலியை முக்கால் பங்கில் வையுங்கள். பக்கத்திலேயே "லைன் அவுட்" என்று ஒன்று இருக்கலாம், அது ஒலியை வெளியே அனுப்பும் துளை, அதில் போட்டுவிடாதீர்கள்.

இரவுக்கீபோர்டு:

இருக்கிறது! பெடல் துளைக்குப் பக்கத்தில், தூசிக்கு அடியில். இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. டாக் அடாப்டர் இன்று வந்தது. நீங்கள் சொன்னபடி மாட்டினேன். ஆசிரியர் எண்ணுகிறார், நான் வாசிக்கிறேன், இரண்டும் காதுக்குள். சாண் வயர் அடாப்டருக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது, பேருந்தில் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. டாக்கோடு சார்ஜரையும் சேர்த்துப் போட ஒரு இரட்டைத் துளை அடாப்டர் தங்கையிடம் வாங்கிப் பார்த்தேன். சத்தம் வருகிறது, கூடவே "ஙொய்ய்" என்று அடியில் ஓர் இரைச்சல். சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடுகிறது.

மிக்ஸர்மேசை:

அது கிரவுண்டு லூப். கீபோர்டும் சார்ஜரும் தனித்தனியாகச் சுவர் மின்சாரத்தில் இருக்கின்றன, ஆடியோ வயர் அவை இரண்டையும் இணைத்து ஒரு வட்டம் போட்டுவிடுகிறது. நடுவில் மாட்டும் கிரவுண்டு லூப் ஐசொலேட்டர் என்ற டப்பி கிடைக்கும், அதற்குள் சின்ன டிரான்ஸ்பார்மர்தான். ஆனால் உங்களுக்கு அது எதற்கு? பயிற்சிக்கு முன்னாடியே மொபைலைச் சார்ஜ் போட்டுவையுங்கள்.

இரவுக்கீபோர்டு:

சரி அண்ணா.