சவாரியா, வேஷமா? கேளிக்கைப் பூங்காவில் எதை ஓட்டுவது செலவு?

தெம்பனிஸ்_ராஜா:
செந்தோசாவில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவுக்குள் மின்னியன் லேண்ட் பகுதி 2025 பிப்ரவரி 14-ல் திறந்ததிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. "சவாரி ஓட்டுறதைவிட ஒருத்தருக்குப் பொம்மை உடுப்பு மாட்டி நிறுத்துறதுதான் பூங்காவுக்கு லாபம், அதனாலதான் எங்க பார்த்தாலும் வேஷம்" என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் சவாரிதான் மலிவு.

கட்டிய செலவை விட்டுவிடுவோம், ஓட்டும் செலவு மட்டும். எண்கள் எந்தப் பூங்காவின் கணக்கேட்டிலிருந்தும் வந்தவை அல்ல, வாதத்துக்காக வைத்தவை. உள்ளரங்கச் சவாரி, வண்டிக்கு 12 பேர், 40 வினாடிக்கு ஒரு வண்டி. மணிக்கு 90 வண்டி, 1,080 பேர். காலி இருக்கை, ஏறி இறங்கும் தாமதம் எல்லாம் கழித்து 900. நடத்துநர் 7 பேர்: மணிக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முதலாளி கட்டும் மசேநி (மத்திய சேமநிதி) 17 விழுக்காடு சேர்த்து ஏறக்குறைய 18 வெள்ளி. அது 126. மின்சாரம் 250 யூனிட், 25 காசு வீதம் 62.50. இரவுப் பராமரிப்பு 6 தொழில்நுட்பர், 8 மணி நேரம், 28 வெள்ளி: 1,344. பூங்கா திறந்திருக்கும் 9 மணி நேரத்துக்குப் பிரித்தால் 149. உதிரிப் பாகம், ஆண்டுச் சோதனைக்கு மணிக்கு 90. மொத்தம் 427.50 வெள்ளி, தலைக்கு 47 காசு.

வேஷத்துக்கு வருவோம். மாறி மாறி நிற்க 2 பேர், கூட ஒரு உதவியாளர், ஆளுக்கு 20 வெள்ளி: 60. உடுப்பு, சலவை 15. மொத்தம் 75. ஒரு குடும்பம் கூட நின்று படம் எடுக்க ஒரு நிமிடம், ஆள் மாறும் இடைவெளி போக மணிக்கு 50 குடும்பம், 150 பேர். தலைக்கு 50 காசு. 900 பேரைச் சமாளிக்க இப்படி 6 இடம் வேண்டும்: 450 வெள்ளி.

ஈசூன்_மலர்விழி:
ராஜா அண்ணே, 3 காசு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு "சவாரி மலிவு" என்று தீர்ப்பு எழுதுவது கொஞ்சம் அதிகம். சவாரிக்கு 7 இடம் என்றால் சம்பளப் பட்டியலில் 7 பேர் போதாது. சாப்பாட்டு இடைவேளை, இட மாற்றம், கழிவறை எல்லாவற்றுக்கும் சேர்த்து 9 பேராவது வேண்டும். 162 ஆச்சா? மொத்தம் 463, தலைக்கு 51 காசு. உங்கள் வெற்றி அங்கேயே போச்சு.

நட்டு_போல்ட்டு:
அக்கா, அதே கத்தியை உங்க பக்கமும் திருப்புங்க. 8 மணி நேர வேலையில வேஷக்காரர் எத்தனை தடவை வெளியே வர முடியும்? உடுப்பு மாட்ட, கழற்ற, தண்ணி குடிக்க, உடம்பு ஆற எல்லாம் போக அரை மணி வீதம் 6 தடவை. 9 மணி நேரத்துக்கு 18 தடவை நிக்கணும், அப்ப 3 பேர். 24 மணி நேரச் சம்பளத்தை 9-ஆல வகுத்து 20-ஆல பெருக்கினா 53. உதவியாளருக்கு இடைவேளை ஆள் சேர்த்து 25, சலவை 15. மொத்தம் 93, தலைக்கு 62 காசு.

அதுவும் உடம்பு தாங்கினாத்தான். மனிதவள அமைச்சு 2023 அக்டோபர்ல வெளிப்புற வேலைக்கு விதி கொண்டுவந்துச்சு. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து அளக்கிற டபிள்யுபிஜிடி அளவு 32 டிகிரி ஆனா கடினமான வேலைக்கு மணிக்கு 10 நிமிஷம் ஓய்வு, 33 ஆனா 15 நிமிஷம். ரோம உடுப்புக்குள்ள இருக்கிறவருக்கு வெளியே அளக்கிற எண் ஒண்ணும் சொல்லாது. அதனால அரை மணியை 20 நிமிஷமா வெட்டணும். அப்போ 3 பேர் எங்கே போதும்?

ஈசூன்_மலர்விழி:
அதனால்தான் வெயில் இடத்தில் நிறுத்தாமல் குளிர்சாதன அறைக்குள் கொண்டு போகிறார்கள். அறை வாடகை பூங்காவுக்குள்ளேயே, குளிரூட்டல் ஏற்கெனவே ஓடுகிறது.

நீங்கள் 15 வெள்ளி என்று போட்ட சலவைதான் எனக்குக் கவலை, அது குறைவு. ரோமம் அக்ரிலிக். சூட்டு டிரையரில் போட்டால் நுனி உருகித் திரண்டுவிடும், அப்புறம் சீப்பால் வாரினாலும் எழாது. குளிர்ந்த நீரில் அலசி, ஈரம் உறிஞ்சும் அறையில் காற்றில் காயவிட வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் சாதாரண அறையில் தொங்கவிட்டால் ஒரே இரவில் உள்நுரையில் வாடை, நான்கு நாளில் பூஞ்சை. அதனால் ஒரு பாத்திரத்துக்கு உடம்புப் பகுதி குறைந்தது 3: ஒன்று மேலே, ஒன்று காய்கிறது, ஒன்று தையலில். தலைக்குள் இருக்கும் காற்றாடி மின்கலம் பாதியில் நின்றால் கண்ணாடி வேர்த்துப் பார்வை போய்விடும், உடனே உள்ளே அழைத்துவர வேண்டும். உள்ளாடை ஒவ்வொரு முறையும் புதிது, தலையின் உள்பஞ்சு ஆள் மாறும்போதெல்லாம் கிருமிநாசினி. இதெல்லாம் அற்ப விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: டிஸ்னி வோர்ல்டில் 2001-ல் வேஷக்காரர்களின் தொழிற்சங்கம் ஆளுக்குத் தனி உள்ளாடை கேட்டுத்தான் உடன்பாடு போட்டது.

இவ்வளவும் சேர்த்தாலும் ஒரு ரோலர் கோஸ்டர் சக்கரத்தைத் தொட முடியாது.

நட்டு_போல்ட்டு:
சக்கரம்னு சொன்னீங்க, அதைப் பார்ப்போம். கோஸ்டர் வண்டியோட ஒவ்வொரு மூலையிலும் மேலே ஓடுறது, பக்கத்துல பிடிக்கிறது, தண்டவாளத்துக்கு அடியில தூக்க விடாம இருக்கிறதுன்னு மூணு வகை. உலோகச் சக்கரத்துக்கு மேல பாலியூரித்தேன் ஒட்டியிருக்கும். சூட்டுல அந்த ஒட்டு விடும், ஓரத்துல முதல்ல குமிழி மாதிரி தெரியும். ராத்திரி முழுக்க ஒரே இடத்துல வண்டி நின்னா தட்டையாகி மறுநாள் தடதடங்கும். அதனால தினமும் தடிமன் அளக்கணும், கையால சுத்திப் பார்த்து பேரிங் சத்தம் கேக்கணும்.

காலையில முதல் வேலை மின்சாரத்தைப் பூட்டி சாவியைச் சட்டையில வச்சுக்கிறது. அப்புறம் தடம் நெடுக நடை, போல்ட் மேல போட்ட கோடு நகர்ந்திருக்கான்னு பார்வை. ஆளைப் பிடிச்சு வைக்கிற மடிப்பட்டையை ஒவ்வொரு இருக்கையிலும் இழுத்துப் பார்த்து, பூட்டின ஹைட்ராலிக் கொஞ்சம் கொஞ்சமா இறங்குதான்னு சோதனை. பிரேக், அப்புறம் ரெண்டு வண்டி ஒரே பகுதிக்குள்ள வராம தடுக்கிற சென்சார். கடைசியா ஆள் இல்லாம பல சுற்று. ஒரு சென்சார் கொஞ்சம் நகர்ந்தாக்கூட கணினி மொத்தத்தையும் நிறுத்திடும், ஆளுங்களைப் படி வழியா இறக்கணும். ஆண்டுக்கொரு தடவை அச்சுக்கெல்லாம் காந்தத்தூள் சோதனை, காந்தம் பிடிக்காத உலோகத்துக்குச் சாயச் சோதனை.

இதுக்கு மேல 2011 கேளிக்கைச் சவாரிப் பாதுகாப்புச் சட்டம். கட்டட, கட்டுமான ஆணையத்தோட அனுமதி இல்லாம ஒரு சுற்றுகூட ஓட்ட முடியாது. ஆக, ராஜா அண்ணன் வச்ச 90 வெள்ளி கோஸ்டருக்குப் போதாது, நான் ஒத்துக்கிறேன். ஆனா உள்ளரங்கச் சவாரிக்குச் சரி.

கணக்கப்பிள்ளை_பீஷான்:
இருவரும் சராசரிக்குச் சண்டை போடுகிறீர்கள். எந்தச் செலவைத் தவிர்க்க முடியும் என்பதுதான் கேள்வி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் 900 பேர் எங்கே வருகிறார்கள்? 300 பேர் வந்தால் சவாரி தலைக்கு 1.54 வெள்ளி. பாதி வண்டியை நிறுத்தினால் நடத்துநரில் இரண்டு பேர் குறைவார்கள், இரவு வேலையின் 149 அப்படியே நிற்கும்.

மின்சாரமும் அப்படித்தான். உயர் அழுத்த இணைப்பில் யூனிட் விலை தவிர ஒப்பந்த மின்திறனுக்கும் (அதிகபட்சம் இவ்வளவு இழுப்போம் என்று முன்பே ஒத்துக்கொண்ட அளவு) கட்டணம் உண்டு, ஒப்பந்தத்தைத் தாண்டினால் கூடுதல் வீதம். விசையோடு பாயும் கோஸ்டர் சில வினாடி பெரிதாக இழுக்கும், அந்த உச்சத்தை இணைப்பு தாங்க வேண்டும். ஆர்லாண்டோவின் ஹல்க் கோஸ்டரில் ஃபிளைவீலில் (சுழலும் கனமான சக்கரத்தில்) சக்தியைச் சேமித்துவைத்துப் பாய்ச்சுவது இந்த உச்சத்தைச் சமாளிக்கத்தான்.

சவாரி ஓடாமல் நிற்பது இன்னும் மோசம். யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரின் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா 2013 ஜூலையில் மூடி 2015 மே-யில்தான் திறந்தது. வரிசைக்கு நான்கு இருக்கை இருந்த வண்டி இரண்டு இருக்கையாகத் திரும்பியது. 1,080 போன்ற உங்கள் வகுத்தல் கணக்கில் இப்படி ஒரு வரி வராது.

தெம்பனிஸ்_ராஜா:
வேஷத்தை மட்டும் செவ்வாய்க்கிழமை கூட்டிப் பெருக்கி மூடிவைக்க முடியுமா? முழுநேர ஊழியர் என்றால் சம்பளம் ஓடும். பகுதிநேரம் என்றால் உயரம் பொருந்தணும், ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு உயர வரம்பு. வெளிநாட்டிலிருந்து எடுக்கலாம் என்றால் சேவைத் துறையில் மொத்த ஊழியரில் வெளிநாட்டவருக்கு 35 விழுக்காட்டு உச்சவரம்பு, அவர்களுக்குத் தீர்வை வேறு. நெளிவு சுளிவு நீங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

ஈசூன்_மலர்விழி:
இருக்கிறது. 6 இடத்தை 2 ஆக்கி, மீதிப் பேரை ஊர்வலத்துக்கும் பயிற்சிக்கும் அனுப்பலாம். கோஸ்டர் தொழில்நுட்பரை வேறு எதற்கும் அனுப்ப முடியாது. மழை வந்தாலும் அப்படித்தான். இங்கே ஆண்டில் 160-க்கும் மேற்பட்ட நாள் இடி. மின்னல் எச்சரிக்கை வந்ததும் வெளிப்புறச் சவாரி நிற்கும், 9 பேருக்கும் சம்பளம் ஓடும், திறக்கும்முன் மறுபடியும் காலி வண்டி சுற்று. பாத்திரம் ஒரு கூரைக்குக் கீழே நகர்ந்துவிடும். படம் விற்கும் வருமானத்தை நான் இன்னும் எடுக்கவே இல்லை.

நட்டு_போல்ட்டு:
சவாரியிலும் படம் விக்கிறாங்க அக்கா, அதை எடுத்தா ரெண்டு பக்கமும் எடுக்கணும். நகர்ந்துடும்னு சொன்னீங்களே, வரிசை நகருமா? அரை மணி நிக்கிறதுக்கு 25 குடும்பம்தான். நல்ல உதவியாளர் 25-வது குடும்பத்துக்குப் பின்னாடி கயிறு கட்டுவார், அதுக்குப் பின்னாடி நிக்கிறவங்களுக்கு அடுத்த நேரம் சொல்லி அனுப்புவார். கட்ட மறந்தா 26-வது குடும்பத்துக் குழந்தை அழும், புகார் வரும். சவாரி வரிசையில அந்தப் பிரச்சினையே கிடையாது.

கணக்கப்பிள்ளை_பீஷான்:
சரி, இரவு ஆறு பேரை நாலாக்கினால்? மணிக்கு 50 வெள்ளி மிச்சம்.

நட்டு_போல்ட்டு:
ஆக்கலாம். சக்கரம் மாத்தறது காலைக்குத் தள்ளும், 10 மணிக்குத் திறக்க வேண்டியது 10:40-க்குத் திறக்கும். 600 பேர் நடுத்தெருவுல. அவங்க எல்லாம் மலர் அக்கா வரிசைக்குத்தான் வருவாங்க.

ஈசூன்_மலர்விழி:
வரட்டும். மணிக்கு 150, ஒரு மணி நேரத்துக்குக் கூடுதலாக 4 இடம். சமாளிக்கலாம்.

நட்டு_போல்ட்டு:
யாரை வச்சு? முதல் நாளே அட்டவணை போட்டிருக்கணும். உடுப்பு மாட்டி, தலை பூட்டி, காற்றாடி பார்த்து வெளியே வரவே 15 நிமிஷம் ஆகும். வீட்டுல இருக்கிறவரைக் கூப்பிட்டா அவர் செந்தோசாவுக்கு முன்னாடி இருக்கிற ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்தைத் தாண்டறதுக்குள்ள சவாரி திறந்துடும்.