வாசலுக்கு வரும் பி.பி., சர்க்கரை மாத்திரைகள்: உங்கள் அனுபவம் என்ன?

கிருஷ்ணகிரிவாசி:
மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது என்பதால், அதைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாதந்தோறும் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்கா, போன முறை அப்பாவுக்கு ரத்த அழுத்தம் 180-ஐத் தாண்டியிருப்பதைக் கண்டு, "கொடுத்த மாத்திரையைக் கொஞ்சம் காட்டுங்க ஐயா" என்றார். அப்பா ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிதுக்கப்படாமல், ரப்பர் பேண்டு போட்டு அடுக்கப்பட்டிருந்தன. "இனாமா வர்ற மருந்து எங்கேம்மா கேட்கப்போகுது?" என்றார் அப்பா. அக்கா பதில் பேசாமல் அட்டைகளை எண்ணத் தொடங்கினார். வெயிலில் தெருத் தெருவாக நடந்து அவற்றைக் கொண்டுவந்தவர் அவர்தானே.

பொன்னி:
இனாம் என்பதால் நம்பவில்லை என்று பெரியவர்மேல் பழியைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தனியார் மருத்துவர் என் அம்மாவுக்குச் சர்க்கரைக்காக மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற இரண்டு மருந்துகளும் சேர்ந்த ஒரே மாத்திரையை எழுதியிருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். நிறமும் அளவும் வேறாக இருக்கிறதே என்று அம்மா கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதாம்மா, நகருங்க" என்பதே பதில். அன்றிலிருந்து 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் பெரும்பகுதி மெடிக்கல் கடைக்குப் போகிறது.

மதுரை மருமகள்:
என் மாமியாருக்கும் அதே சந்தேகம் இருந்தது, இப்போது விழுங்குகிறார். நான் சொல்ல வந்தது வேறு. அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அரசு மருந்துகளை வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்புகிறது. இதை அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். விலை கொடுத்துத்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தால், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களில் மருந்தின் பெயரிலேயே விற்கப்படும் ஜெனரிக் மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பொன்னி, அம்மாவின் பழைய சீட்டையும் இரண்டு வகை மாத்திரைகளையும் எடுத்துச் சென்று, மருந்து வாங்கும் வரிசைக்குப் போகாமல் மருத்துவரிடமே காட்டி, எது எப்போது என்று எழுதி வாங்குங்கள். கிருஷ்ணகிரிக்காரரே, டப்பாவில் இருப்பவற்றின் காலாவதித் தேதியைப் பாருங்கள். 180 என்பது காத்திருக்கும் அளவு அல்ல, அப்பாவை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.