பொருள்: கணினி கோக்கும் சுரங்களுக்கு என்ன பெயர்?

கோவை:
பகடை விதிப்படி கணினியே சுரம் கோக்கும் மேல்நிலை வகுப்புப் பயிற்சித்தாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகோணுமுங்க. மோகன ராகத்துக்கு, சட்ஜத்திலிருந்து அரைச்சுரக் கணக்கில் 0, 2, 4, 7, 9, 12 என்று அட்டவணை. மிடி எண் (கணினி சுரத்துக்குத் தரும் எண்) 60, அதாவது ஒரு கட்டைச் சட்ஜத்தில் தொடக்கம். பகடையில் 1 முதல் 3 வந்தால் அடுத்த மேல்சுரம். 4, 5 என்றால் கீழ்ச்சுரம். 6 என்றால் ஒரு சுரம் தாண்டல். தலைப்பு 'சுருதி உருவாக்கம்' சரியா?

ஈரோடு:
வேண்டாமுங்க. சுருதி என்றால் மாணவர் சுருதிப்பெட்டியைத்தான் நினைப்பார்கள். 'இசைப்புணர்ப்பு' என்று வையுங்கள். அறச்சலூர்க் கல்வெட்டில் த, தை, தா, தே அசைகள் 5 வரி, 5 நிரலாக நிற்கின்றன. இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒன்றே. அடுக்கியவன் 'எழுத்துப் புணருத்தான்', அதாவது எழுத்தைச் சேர்த்துக் கோத்தவன், தேவன் சாத்தன். விதிப்படி கோப்பதற்கு நம்ம மண்ணிலேயே வினைச்சொல் கிடக்கிறது. தொல்காப்பியப் புணரியலும் விதிப்படி சேர்ப்பதைத்தானே சொல்கிறது?

பொள்ளாச்சி:
ஐயா, அவை ஆடலுக்கான தாளச் சொற்கட்டு என்றே பலரும் கொள்கிறார்கள். சுரத்துக்கு அதைச் சான்றாக்க முடியாது. 'புணர்ப்பு' என்று பலகையில் எழுதினால் பதினொன்றாம் வகுப்பில் பாடம் நடக்காது. நெறிமுறை (அல்காரிதம்) என்பது பாடநூலிலேயே உண்டு; 'நெறிமுறை மெட்டமைப்பு' போதும்.
பயிற்சியிலும் ஒரு பிழை. மேலே 3 பங்கு, கீழே 2 பங்கு என்றால் சுரம் மேல் எல்லையான 72இல் (60 + 12) போய் முட்டிக்கொள்ளும். 'போன திசையிலேயே தொடர்' என்பதற்கு 3, 'திரும்பு' என்பதற்கு 2 என மாற்றுங்கள். எல்லையைத் தொட்டால் திசையைத் திருப்புங்கள்.

ஈரோடு:
மெட்டு தெலுங்குச் சொல் அல்லவா? தமிழில் 'பண்ணல்' இருக்கிறதே. சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழின் எட்டுக் கரணங்களில் (வாசிப்புச் செயல்களில்) முதலாவது அதுதான்.

கரூர்:
அந்தப் பண்ணல் இசைக்கு முன் யாழைப் பண்ணுக்கு அமைப்பது, சுரம் தேர்வதல்ல. மெட்டு எங்கிருந்து வந்தாலும் இங்கே அழகாகப் பொருந்துகிறது. வீணையில் தந்தியை அழுத்தும் கட்டைக்கும் மெட்டு என்றே பெயர்; ஒரு தந்திக்கு 24 மெட்டு, ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. திறந்த தந்தி சட்ஜமென்றால் 4ஆம் மெட்டு காந்தாரம், 7ஆம் மெட்டு பஞ்சமம். அட்டவணை எண்ணே மெட்டு எண். மாணவர் விரலால் எண்ணிப் பார்த்துவிடலாம்.

கோவை:
மூவர் ஒருபக்கம் ஆகிவிட்டோம். திசைத் திருத்தத்தோடு 'நெறிமுறை மெட்டமைப்பு' அச்சுக்குப் போகிறதுங்க.

ஈரோடு:
போகட்டும், என் மறுப்பு நிற்கிறது. மெட்டு என்றால் தாளமும் கால அளவும் வேண்டும். உங்கள் பகடை சுரத்தை மட்டுமே தருகிறது. அடுத்த பதிப்பில் பிலகரி ராகம் வந்தால் ஏறுவதற்கு மோகன அட்டவணை, இறங்குவதற்குச் சங்கராபரண அட்டவணை என இரண்டு வேண்டும். இரண்டையும் எங்கே இணைப்பது என்ற விதிக்கு ஒரு பெயர் தேடுவீர்கள். அப்போது புணர்ப்பை மீண்டும் முன்வைப்பேன்.